மனசு வச்சா விட்டுடலாமா? நோரா வோல்கோவ் எடுத்த மூளைப் படங்கள்

"மனசு வச்சா விட்டுடலாம்டா." சிகரெட்டோ, குடியோ, வேற எதுவோ, விட முடியாமல் தவிக்கிற ஒருத்தனிடம் நாம எல்லாருமே ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்போம். அவனும் "ஆமா மச்சி, நாளையிலிருந்து" என்பான். நாளைக்கு அதே டீக்கடை, அதே தீப்பெட்டி.

சரி, அந்த "மனசு" மூளைக்குள்ள எங்க இருக்கு? அதை அளக்க முடியுமா? கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாத் தோணலாம். ஆனால் ஒரு மருத்துவர் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இதே வேலையாக இருந்தார். பெயர் நோரா வோல்கோவ். 1956-ல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி. 1940-ல் ட்ராட்ஸ்கி கொல்லப்பட்ட அதே கொயோகான் வீட்டில்தான் நோராவும் அவருடைய சகோதரிகளும் வளர்ந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம். (அந்தக் கதையை ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, விட்டுடுவோம்.) மெக்சிகோவில் மருத்துவம் படித்து, நியூயார்க்கில் மனநல மருத்துவப் பயிற்சி முடித்து, ஹூஸ்டனில் வேலை பார்த்து, பிறகு நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்துக்குப் போனார். 2003 முதல் இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார்.

அவர் கையில் இருந்த கருவி பெட் ஸ்கேன். நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, அதனால படத்தைப் பார்க்கும் முன் அந்தக் கருவியைக் கொஞ்சம் திறந்து பார்த்துடலாம்.

ஒரு ஆண்ட் கேட்டும் ஒரு சைக்ளோட்ரானும்

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டும். ஒரு வீட்டில் சுவர் எங்கே, தூண் எங்கே என்று காட்டுகிற பிளான் மாதிரி. அந்த வீட்டில் இப்போது அடுப்பு எரிகிறதா, எந்த அறையில் ஆள் இருக்கிறார்கள் என்பது பிளானில் தெரியாது. அதற்குத்தான் பெட்.

உடம்பு பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளில் கதிரியக்க அணு ஒன்றை ஒட்டி, மிகச் சிறிய அளவில் ரத்தத்தில் செலுத்துவார்கள். அந்த அணு சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியே வரும். அது ரொம்ப தூரம் போகாது. பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்களாக மாறும். இரண்டும் ஏறத்தாழ நேர் எதிர்த் திசைகளில் பறக்கும். தலையைச் சுற்றி வளையமாக டிடெக்டர்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு டிடெக்டர்கள் சில நானோ செகண்டுக்குள் சேர்ந்து மணியடித்தால், அணு சிதைந்தது அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கேயோதான். ஒன்று மட்டும் அடித்தால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நாம மூணாவது செமஸ்டர்ல படிச்ச ஆண்ட் கேட், அவ்வளவுதான். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேகரித்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் படம் வந்துவிடும்.

கஷ்டம் எங்கே என்றால் நேரத்தில். ஆக்சிஜன்-15-ன் அரை ஆயுள் 2 நிமிஷம். கார்பன்-11-க்கு 20 நிமிஷம். ஃப்ளோரின்-18 கொஞ்சம் தாராளம், 110 நிமிஷம். அதனால் அணுவைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான், அதை மருந்தில் ஒட்டும் வேதியியல் லேப், ஸ்கேனர் மூன்றும் பக்கத்து பக்கத்து அறையில் இருக்க வேண்டும். ஃப்ளோரின் ஒட்டிய குளுக்கோஸை 1976-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செலுத்தியபோது, ப்ரூக்ஹேவனில் தயாரித்து விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே பாதி சரக்கு கரைந்துவிடும் வியாபாரம் அது. ப்ரூக்ஹேவனில் ஜோவானா ஃபௌலர் என்ற வேதியியலாளரின் குழு இதில் கைதேர்ந்தது. வோல்கோவுக்கு அவர் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம் என்பேன். கேமரா பிடிக்கிறவருக்குக் கிடைக்கிற பெயர் ஃபிலிம் செய்து கொடுத்தவருக்குக் கிடைப்பதில்லை.

முதல் படம் 1988-ல் வெளியானது. அப்போது சூழ்நிலை எப்படி என்றால், 1980-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் கோகெயினுக்கு "சார்ந்திருத்தல்" என்ற நோய்ப் பிரிவே கிடையாது. வசதியானவர்களின் பொழுதுபோக்கு, பெரிய கெடுதல் இல்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. வோல்கோவ் நீண்ட நாள் கோகெயின் பயன்படுத்திய 20 பேரின் மூளை ரத்த ஓட்டத்தைப் படமெடுத்தார். மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. பத்து நாள் கோகெயின் இல்லாமல் வைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. முன்பகுதி என்பது திட்டமிடுகிற, யோசிக்கிற, "வேண்டாம், நிறுத்து" என்று சொல்கிற இடம். "மனசு வை" என்று நாம் யாரிடம் சொல்கிறோமோ, அந்த மனசு வைக்கிற இடத்திலேயே ரத்த ஓட்டம் குறைவு.

டவுன் பஸ் கணக்கு

ரத்த ஓட்டம் வெறும் மேலோட்டமான தடயம். அடுத்து அவர் பார்த்தது டோபமின். டோபமின்னா "சந்தோஷ கெமிக்கல்" என்று ரீல்ஸ்ல சொல்றதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்க. "இது முக்கியம், கவனி, இதைத் தேடிப் போ" என்று மூளைக்குச் சொல்லும் சிக்னல் என்று வைத்துக்கொண்டால் உண்மைக்கு இன்னும் பக்கம்.

ஒரு டவுன் பஸ்ஸைக் கற்பனை பண்ணுங்க. சீட்டுகள்தான் டி2 என்ற டோபமின் ஏற்பிகள். பயணிகள் டோபமின். உள்ளே எட்டிப் பார்க்க நமக்கு வழியில்லை. அதனால் ஒளிரும் சட்டை போட்ட சில ஆட்களை ஏற்றிவிடுகிறோம். அவர்கள் காலி சீட்டில் மட்டும் உட்காருவார்கள். வெளியே நின்று சட்டைகளை எண்ணினால் காலி சீட்டு எத்தனை என்று தெரியும். கார்பன்-11 ஒட்டிய ரேக்ளோப்ரைடு என்ற பொருள்தான் அந்த ஒளிரும் சட்டை.

ஏதோ ஒரு மருந்து கொடுத்து டோபமினை அதிகமாக்கினால் பயணிகள் ஏறுவார்கள், சட்டைகள் குறையும். எவ்வளவு குறைந்ததோ, அதிலிருந்து எவ்வளவு டோபமின் வந்தது என்று கணக்கிடலாம். இதில் ஒரு சிக்கலையும் கவனிச்சிருப்பீங்க. சட்டை குறைவாகத் தெரிந்தால் சீட்டே குறைவா, இல்லை பயணிகள் அதிகமா? ஒரே ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் ஒரே ஆளை மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை படமெடுக்கிறார்கள்.

1990-களில் வந்த முடிவுகள் இவை. கோகெயினுக்கு அடிமையானவர்களின் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டி2 குறைவு. விட்டு மூன்று நான்கு மாதம் ஆன பிறகும் குறைவாகவே இருந்தது. யாருக்கு டி2 அதிகமாகக் குறைந்திருந்ததோ, அவர்களுக்குக் கண்ணுக்கு மேலே இருக்கும் ஆர்பிட்டோஃப்ரன்டல் பகுதியின் இயக்கமும் குறைந்திருந்தது. ஒரு பொருளுக்கு எவ்வளவு மதிப்பு என்று எடைபோட்டு, நிலைமை மாறினால் அந்த மதிப்பையும் மாற்றுகிற இடம் அது. 1997-ல் இன்னொரு முடிவு வந்தது. அடிமையானவர்களுக்கு டோபமினை ஏற்றும் மருந்தைக் கொடுத்தால், மற்றவர்களைவிட டோபமின் குறைவாகவே ஏறியது. கிடைத்த போதையும் குறைவு. எனக்கு ரொம்ப ஆச்சரியம் இதுதான். அடிமையானவன் மற்றவரைவிட அதிக இன்பம் அனுபவிக்கிறான், அதனால்தான் விடமாட்டேன் என்கிறான் என்று நினைத்திருந்தேன். உண்மை நேர் எதிர். இன்பம் குறைந்துவிட்டது, தேடல் மட்டும் குறையவில்லை.

அந்தத் தேடல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது 2006-ல் தெரிந்தது. கோகெயினுக்கு அடிமையான 18 பேருக்கு இரண்டு வீடியோ காட்டினார்கள். ஒன்று இயற்கைக் காட்சி. இன்னொன்றில் சிலர் கோகெயின் பயன்படுத்துகிறார்கள். அன்று யாருக்கும் கோகெயின் கொடுக்கவில்லை. இருந்தும் இரண்டாவது வீடியோவைப் பார்க்கும்போதே ஸ்ட்ரையேட்டத்தின் மேல்பகுதியில் டோபமின் ஏறியது. ஏறிய அளவுக்கு ஆசையும் ஏறியது. அந்த மேல்பகுதி பழக்கங்கள் பதிகிற இடம், யோசிக்காமலே கை கியர் மாற்றுகிறதே, அந்த மாதிரி. ஆக, டோபமின் பொருளிலிருந்து அதன் அடையாளத்துக்கு இடம் மாறிவிட்டது. டீக்கடையைக் கடக்கும்போதே கை பாக்கெட்டுக்குப் போவது ஏன் என்று யோசிப்பவர்களுக்கு இது ஒரு துப்பு.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் சிக்னல்ஸ் பாடம் நடத்திய மேடம் கோபிப்பார். கவனக்குறைவுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, மூளையில் கோகெயின் அடைக்கிற அதே புரதத்தைத்தான் அடைக்கிறது. அப்படியானால் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஏன் போதை ஏறுவதில்லை? நரம்பில் ஏற்றிய கோகெயின் சில நிமிஷத்தில் மூளையில் உச்சத்தைத் தொடுகிறது. மாத்திரை உச்சத்தைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம். உச்சம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்குத்தான் மூளை போதை மார்க் போடுகிறது. சுருக்கமா, சரிவு. டிரைவேட்டிவ். புகையாக இழுக்கும் நிகோடின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையில் அதே பொருள் மெதுவாக ஏறுகிறது. ஒன்று பிடித்துக்கொள்வதும் மற்றது விடுவிக்க உதவுவதும் இதனால்தான்.

போதையே தொடாதவர்களின் மூளை

இதுவரை சொன்னது அடிமையானவர்களைப் பற்றி. ஒப்பிட்டுப் பார்க்கப் போதைப் பழக்கமே இல்லாத ஆட்களையும் ஸ்கேன் செய்ய வேண்டுமில்லையா? அந்தக் கூட்டத்திலிருந்து தனியாக ஒரு விஷயம் வெளிவந்தது. வயது ஏற ஏற எல்லோருக்குமே டி2 குறைகிறது. பத்து வருஷத்துக்குச் சராசரியாக 6 முதல் 10 சதவீதம் வரை என்பது பல ஆய்வுகளில் வரும் கணக்கு. அறுபதில் ஆரம்பிப்பதில்லை. நம்ம வயசிலேயே ஆரம்பம்.

1998-ல் வோல்கோவ் 24 முதல் 86 வயது வரையிலான 30 ஆரோக்கியமான ஆட்களைப் படமெடுத்து, கூடவே சில சோதனைகளும் வைத்தார். ஒன்று, ஒரு விரலால் எவ்வளவு வேகமாகத் தட்ட முடியும் என்பது. இன்னொன்று, நீல மையில் "சிவப்பு" என்று எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. வாய் "சிவப்பு" என்று சொல்லத் துடிக்கும், அதை அடக்க வேண்டும். மூன்றாவது, சீட்டுகளைப் பிரித்து வைக்கும்போதே விதியைச் சொல்லாமல் மாற்றிவிடுவது. டி2 குறைவாக உள்ளவர்கள் இவற்றில் தடுமாறினார்கள். வயதின் பங்கைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அதாவது ஒரே வயதுள்ள இரண்டு பேரில், டி2 குறைவான ஆளுக்கே அடக்குவதும் மாற்றிக்கொள்வதும் அதிகக் கஷ்டம்.

இப்போ இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தாத்தா புது ரிமோட்டோடு மல்லுக்கட்டுவதும், அடிமையான ஒருவன் "வேண்டாம்" என்று சொல்ல முடியாமல் நிற்பதும் ஓரளவுக்கு ஒரே சுற்றுப்பாதையின் தேய்மானம். தாத்தாவைப் பார்த்து "மனசு வை தாத்தா" என்று யாரும் சொல்வதில்லை.

முட்டையா, கோழியா

இந்த இடத்தில் நல்ல மாணவன் கை தூக்கணும். போதையால் டி2 குறைந்ததா? இல்லை, பிறப்பிலேயே குறைவாக இருந்தவர்கள்தான் போதைக்குப் போனார்களா? வோல்கோவிடமே இரண்டாவது பக்கத்துக்கும் ஆதாரம் இருந்தது. 1999-ல் போதைப் பழக்கம் இல்லாத 23 ஆண்களுக்கு மெத்தில்ஃபெனிடேட்டை நரம்பில் செலுத்தியபோது, டி2 குறைவாக இருந்தவர்கள் "நல்லா இருக்கு" என்றார்கள். அதிகமாக இருந்தவர்கள் "பிடிக்கல" என்றார்கள்.

மனிதர்களுக்கு வேண்டுமென்றே கோகெயின் பழக்கிப் பார்க்க முடியாது. குரங்குகளை வைத்து அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழு பார்த்தது. 2006-ல் வந்த பதில்: இரண்டும்தான். ஆரம்பத்திலேயே டி2 குறைவாக இருந்த குரங்குகள் அதிகமாக எடுத்துக்கொண்டன. எடுத்த ஒரு வாரத்திலேயே டி2 மேலும் 15 முதல் 20 சதவீதம் இறங்கியது. ஒரு வருஷம் எடுத்துவிட்டு நிறுத்திய 5 குரங்குகளில் மூன்றுக்கு மூன்று மாதத்தில் பழைய அளவு திரும்பியது. மற்ற இரண்டுக்கு ஒரு வருஷம் ஆகியும் திரும்பவில்லை.

இதே குழுவின் 2002 ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். 20 குரங்குகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒவ்வொரு கூட்டத்திலும் யார் பெரியவன், யார் அடங்கிப் போக வேண்டியவன் என்று முடிவாகிவிட்டது. மறுபடி ஸ்கேன். தலைமைக்கு வந்த குரங்குகளுக்கு டி2 ஏறியிருந்தது. அடிமட்டத்தில் இருந்தவற்றுக்கு ஏறவில்லை. கோகெயின் கிடைக்கும்படி வைத்தபோது, அதைத் தேடித்தேடி எடுத்தவை அடிமட்டக் குரங்குகள்தான். ஒரே கூட்டத்துக்குள் பக்கத்தில் இருப்பவர்கள் நடத்தும் விதம் ஆளுக்கு ஆள் மாறியது. ஃபர்ஸ்ட் இயர்ல நம்ம விங்கில் யார் யார் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தேன். குரங்கிலிருந்து மனிதனுக்கு அப்படியே கோடு போட முடியாதுதான்.

"அடிமைத்தனம் ஒரு மூளை நோய்" என்று வோல்கோவ் ஓயாமல் சொன்னதற்கு எதிர்ப்பும் உண்டு, அது வெட்டி எதிர்ப்பு இல்லை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் பின்தொடர்ந்தார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. சூழல் மாறினதும் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். நோய் என்றால் இப்படி விட்டுப் போகுமா என்று கேட்கிறார்கள். அப்புறம், இந்த ஸ்கேன் முடிவுகள் எல்லாம் கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து "இவர் அடிமை" என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பும் மஞ்சளும் கம்ப்யூட்டர் பூசிய சாயம். வண்ணப்படத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, ஜாக்கிரதை. என் கணக்கில் நோய் என்ற சொல் கொஞ்சம் இறுக்கமானது. ஆனால் "ஒழுக்கக்கேடு" என்ற சொல்லைவிட அது எவ்வளவோ மேல்.

வோல்கோவ் ஏன் அந்தச் சொல்லை விடவில்லை என்பதற்கு ஒரு காரணத்தை அவரே 2015-ல் பொதுவில் சொன்னார். அவருடைய தாய்வழித் தாத்தா அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இறந்தார். இதய நோய் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து, தன் கடைசிக் காலத்தில், அம்மா உண்மையைச் சொன்னார். தாத்தா குடிக்கு அடிமை. விட முடியவில்லை என்ற அவமானத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மகள் போதை ஆராய்ச்சியில் உலகப் பெயர் எடுத்த பிறகும் அம்மாவுக்கு அதைச் சொல்ல அவ்வளவு காலம் ஆனது.

மூளை திரும்பி வருமா என்ற கேள்வி பாக்கி இருக்கு. மெத்தம்பெட்டமின் பயன்படுத்தியவர்களை வோல்கோவ் 2001-ல் ஆராய்ந்தார். டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரான்ஸ்போர்ட்டர் புரதம் அவர்களுக்கு ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. குறைந்த அளவுக்கு ஏற்ப நடையும் கையும் மெதுவாகி, ஞாபகமும் மங்கியிருந்தது. அவர்களில் விட்டுவிட்டு நிலைத்து நின்ற 5 பேரை 12 முதல் 17 மாதம் கழித்து மறுபடி படமெடுத்தார். ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியில் 19 சதவீதமும் இன்னொன்றில் 16 சதவீதமும் டிரான்ஸ்போர்ட்டர் ஏறியிருந்தது. 5 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் தேய்ந்தது துளிர்க்கும் என்பதற்கு முதல் படங்களில் அது ஒன்று. சோதனைகளில் மட்டும் அந்த அளவுக்கு முன்னேற்றம் இல்லை. படம் முதலில் தேறியது, விரலும் ஞாபகமும் பின்தங்கின.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதைக் கவனியுங்க. சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வகுப்புக்குத் திரும்பி வருகிற ஒருத்தன், ஒரு பக்கத்தை மூன்று தடவை படிப்பான், லேப்ல கை தடுமாறும், சொன்னதை மறந்துடுவான். அந்த நேரத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைக் கொடுக்கலாம்.